மூன்றாம் காட்சி

கமலரதி நாடகம் எழுத வந்தவள் அல்ல. காணாமற்போன தம்பிக்காக ஆணைக்குழுக்களுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தவள். அப்படியொரு மனுவைத் திருத்திக் கொடுத்த நாடக நெறியாளர் நிமலன்தான், "இதை ஆக்கள் கதைக்கிற மாதிரி எழுதுங்கோ அக்கா, நான் மேடையேற்றுறன்" என்றார்.

ராணுவம் ஊரை வளைத்ததை அவள் சுலபமாக எழுதிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பதினாறு வயதுத் தம்பியைக் கைகழுவவும் விடாமல் இயக்கப் பெடியள் தங்கள் படையில் சேர்க்க இழுத்துப்போன மூன்றாம் காட்சிக்குத்தான் ஒரு வருடம் பிடித்தது. அதை வாசித்து நிமலன் அழுதார்.

அரங்கேற்றத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் காட்சி முடிந்ததும் நான்காவது தொடங்கிவிட்டது. யாரோ மாறிச் செய்துவிட்டார்கள் என்று நினைத்து அவள் மேடைக்குப் பின்னால் ஓடினாள்.

"அதை இப்ப போடேலாது அக்கா." நிமலன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இயக்கத்தைக் குறை சொன்னால் சனம் எங்களைத் துரோகி எண்டு சொல்லும்."

"அப்ப அண்டைக்கு ஏன் அழுதனீங்கள்?"

அவர் விளக்குக்காரனிடம் ஏதோ சொல்லப் போய்விட்டார்.

கைதட்டல் ஓய்ந்து சனம் கலைந்தபோது முன்வரிசையில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருடம் மகனின் பெயரை வாயில் எடுக்காதவள். மூன்றாம் காட்சியைக் கமலரதி வாசித்துக் காட்டிய பிறகுதான் வரச் சம்மதித்திருந்தாள்.

"எழும்புங்கோ அம்மா, போவம்."

"பொறு பிள்ளை," என்றாள் அம்மா, மூடிய திரையைப் பார்த்தபடி. "தம்பி இன்னும் வரேல்லையே."