நாலாவது டெர்மினல்

திருச்செங்கோட்டில் அந்த நூல்மில்லின் கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு போகக் கூடாது. சர்வீஸ் இன்ஜினியர் பாக்கியநாதனும் கணக்கர் சென்னிமலையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

ஆபரேட்டிங் சிஸ்டம் காலையிலிருந்தே மக்கர் செய்தது. அதைப் புதிதாக ஏற்றுமுன் எல்லாரும் சிஸ்டத்திலிருந்து வெளியேற வேண்டும். ஆபரேட்டர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். ஆனால் நாலாவது டெர்மினலில் ஜெபமலர் வேலை செய்வதாக மெயின் கம்ப்யூட்டரின் திரை காட்டியது.

ஜெபமலர் பாக்கியநாதனின் மனைவி. இங்கேதான் ஆபரேட்டராக இருந்தாள். தை மாதம் அவளை அடக்கம் செய்தார்கள். அந்த டெர்மினலின் வயரை அவனே பிடுங்கிப் போட்டிருந்தான்.

"அம்மிணி பேரை அப்பவே எடுத்திருக்கோணுமுங்க சார். மனசு வரலைன்னு உட்டுட்டீங்க. இன்னைக்காச்சும் எடுத்துருங்க" என்றார் சென்னிமலை.

பாக்கியநாதன் அவள் பெயரை அழிக்கும்படி தட்டினான். ஆள் உள்ளே இருக்கும்போது பெயரை அழிக்க முடியாது என்றது திரை. மறுபடியும் தட்டினான். அதே பதில்.

மூலையில், உறை போட்ட நாலாவது டெர்மினலின் கீபோர்டு தடதடத்தது.

"ஏனுங்க, அதுல வயரே இல்லீங்களே!"

இருவரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார்கள்.

வாசலில் மூன்று ஜோடிச் செருப்புகள் கிடந்தன. மூன்றாவதின் அறுந்த வாரைப் பச்சை வயரால் கட்டிக்கொடுத்தவன் பாக்கியநாதன்தான். சவப்பெட்டியை மூடுமுன் அவள் காலடியில் வைத்தவனும் அவன்தான்.

அதில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது.