கழற்றி வைத்த எஞ்சின்

பிரதேச சபை யார்டில் மண் அள்ளும் பெக்கோ மெஷினின் எஞ்சினைக் கழற்றி வைத்து மூன்று வாரமாகிறது. கொழும்பிலிருந்து பிஸ்டன் வரவேண்டும். மீட்டரில் ஓடியிருக்கும் மணித்தியாலத்தைப் பொனட்டின் உட்பக்கம் சோக்குக் கட்டியால் எழுதிவைப்பது மெக்கானிக் யோகநாதனின் வழக்கம். கழற்றிய அன்று 6412 என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை காலை மீட்டர் 6418 காட்டியது. பக்கெட்டின் பற்களில் ஈரச் செம்மண் இருந்தது.

பத்து மணிக்குத் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்துப் பிரேமலதா வாழைப்பழச் சீப்போடு வந்தார்.

"ரோட்டுல சரிஞ்ச மண்ணையெல்லாம் நேத்தே அள்ளிட்டீங்களே! இன்னைக்கு மகளுக்குப் பரீட்சைங்க. நல்லபடியா நடந்து போயிட்டா."

யோகநாதன் சீப்பை வாங்கிக்கொண்டார்.

"போயிட்டால்ல? அது போதும்ங்க," என்றார்.

பிரேமலதா போனபின் ஒரு பழத்தை உரித்துத் தின்றார். சோக்கால் 6418 என்று மாற்றி எழுதினார். ஓடிய மெஷினைச் சும்மா விடக்கூடாது என்று எல்லா மூட்டுப் பின்களுக்கும் கிரீஸ் அடித்தார்.

மழை தூறத் தொடங்கியது. ஒழுகும் கூரைக்கடியில் கிடந்த எஞ்சினை மூடத் தார்ப்பாயோடு போனார். பிஸ்டன் இல்லாத அந்த எஞ்சின்மேல் முதல் துளி விழுந்ததும் சுர்ரென்று ஆவி எழுந்தது.

கொஞ்சம் ஆறட்டும் என்று தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.