முறுமுறுப்பு இல்லாத சபை

"சபையோரே, செவிகொடுங்கள்! இன்று முதல் நம் நடுவில் முறுமுறுப்பவர் ஒருவருமில்லை!"

மைக்கில் முழங்கினார் போதகர். பழைய சபையை உடைத்துக்கொண்டு வந்து தனிச்சபை தொடங்கிய நாளிலிருந்து அவர் கண்ட கனவு இது. மின்விசிறி போதவில்லை என்ற வாலிபர்களும், ஆர்மோனியத்தில் சுருதி சேரவில்லை என்ற பாடகர்களும் ஒழிந்தார்கள்.

"பிரசங்கம் நீளம்னு புலம்பின பெரியவரு?" என்றது முன்வரிசைப் பெண்குரல்.

"அனுப்பியாச்சு."

"காணிக்கை எடுக்கிற தம்பி?"

"பெரியவருக்கு வக்காலத்து வாங்கினான். அவனையும்தான்."

"அப்ப மைக்கை அணைங்க, காது கிழியுது. நாம ரெண்டு பேருக்கு மைக் எதுக்குங்க?" என்றாள் போதகரின் மனைவி.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா? எழுந்து வெளியே போ!"

விட்டது தொல்லை என்று அவள் போய்விட்டாள்.

அன்றைய ஜெபத்துக்கு 'ஆமென்' என்பதையும் போதகரே சொல்லிக்கொண்டார்.