நோர் என்னும் வேர்

அக்கா மகள் தன்ஷிகாவுக்கு ஆறு வயது. எல்ஃப் மொழிப் பள்ளியில் படிக்கிறாள். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் வனதேவதைகளுக்காக உண்டாக்கிய மொழி அது. வீட்டிலும் அதைத்தான் பேச வேண்டும் என்று பள்ளியில் கண்டிப்பு; தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. அதை உண்டாக்கிய கம்பெனியில்தான் எனக்கு வேலை. குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் சொன்னதால்தான் அக்கா அவளை அங்கே சேர்த்தாள்.

இன்று காலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"என்ன பண்ணுது பாப்பா?" என்றார் டாக்டர்.

"நோரே" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

மேஜையிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி, "கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருக்கிறது" என்றது. டாக்டர் சிரித்துவிட்டார். "ஸ்கூலுக்கு மட்டம் போடப் பாக்குறா. கூட்டிட்டுப் போங்கம்மா."

"வாயத் தொறந்து சொல்லேன்டி! படிச்சவதானே நீ?" என்று அக்கா என்னைப் பிடித்து உலுக்கினாள்.

முதலில் 'நோர்' என்றால் வலி. நான் போட்ட வேர்ச்சொல். வலியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிடுகிறார்கள் என்று மேலிடத்துக்குக் கோபம். வருடத்துக்கு ஒரு படியாக அதன் பொருளை இறக்கினேன்: உறுத்தல், அரிப்பு, கடைசியில் கிச்சுகிச்சு. வலிக்கு இருந்த மற்ற சொற்களையும் பிடுங்கி எறிந்தேன். அதற்குக் கைதட்டினார்கள், பாவிகள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"வயித்த அமுக்கிப் பாருங்க டாக்டர்!" என்று கத்தினேன்.

அமுக்கினார். வயிறு கல்லாக இருந்தது. அவர் முகம் மாறியது.

தன்ஷிகா அழவில்லை. கண்ணில் நீர் வழிய, பள்ளியில் பழக்கியபடி, கிச்சுகிச்சு மூட்டியதற்குச் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.