ஓட்டுப் போடாத நண்டு

தை மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கு, ஐம்பத்தேழு ஓட்டு வித்தியாசத்தில், நல்லாச்சி என்ற நாரை ஏரிக்கு ஜனாதிபதியானது. குஞ்சுகள் பறக்கும்வரை ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும். வேறு எதற்காகவும் யாரும் அதற்கு ஓட்டுப் போடவில்லை.

பத்தே நாளில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது.

"எல்லாம் வெயில்தாம்மா. உங்க ஆட்சியில ஒரு குறையும் இல்லை" என்றது ஆலோசகர் நீர்க்காகம்.

நல்லாச்சிக்கு மனசு ஆறவில்லை. உச்சிக்கிளையை விட்டு இறங்கி, தேர்தலில் தன்னை எதிர்த்து வேலை செய்த நண்டு சடையனின் வளை முன்னால் போய் நின்றது.

"நான் உங்களுக்கு ஓட்டுப் போடலை, தெரியுமில்ல?" என்றது சடையன், உள்ளே இருந்தபடியே.

"தெரியும். என் மனசைக் குளிரவைக்கிற அவசியம் உனக்கு இல்லை. அதான் வந்தேன். தண்ணி எங்கே போகுது?"

சடையன் வளை வாசலுக்கு வந்தது. "கரையில நாங்க தோண்டின வளை வழியாத்தான். அடைச்சா நாங்க எங்கே போறது?"

"ஏரி நடுவுல என் திட்டு இருக்கே, அங்கே வாங்க."

"நல்லா இருக்கு! விடிஞ்சா உங்க வயித்துல இருப்போம்."

"பதவியில இருக்கிறவரை நண்டைத் தொடமாட்டேன்."

கூடவே வந்திருந்த நீர்க்காகம் தலையில் அடித்துக்கொண்டது. மறுநாள் நண்டுகள் இடம் மாறின, வளைகள் அடைபட்டன.

பங்குனி இருபதாம் தேதி கடைசிக் குஞ்சு பறந்தது. அன்று ஏரியில் ஒரு முழம் தண்ணீர் இருந்தது.