முழந்தாள் வரிசை

வளைகுடா நாட்டு முவைலாவில் ஏசி இரைகிற வாடகை அறையில் வெள்ளிக்கிழமை ஆராதனை நடக்கிறது. தட்டு நிறைய விரலளவுக் கிண்ணங்கள். எல்லாவற்றிலும் திராட்சைச் சாறு ஊற்றி வைத்தவள் வதனாதான். வீட்டுவேலைக்காரிக்கு வாரத்தில் ஒருநாள் லீவு. அதையும் இந்த மெதடிஸ்த சபைக்கே கொடுக்கிறாள். ஊரில் சபை மகாநாடு ஆணுக்கு ஆண் கலியாணத்தை ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளும் என்று பயந்து, இவர்கள் முன்கூட்டியே தனிச்சபையாகப் பிரிகிறார்கள். சேருகிறவர்கள் இன்று முழந்தாளிட்டு, இந்தச் சாற்றை வாங்கி இராப்போசனம் எடுக்கவேண்டும். வதனாவும் முழந்தாளிட்டு, கழிவறை கழுவி வெடித்த விரல்களை நீட்டுகிறாள். சபையின் காரியக்காரர் இராஜரத்தினம் தட்டைத் தன் நெஞ்சோடு இழுத்துக்கொள்கிறார்.

"கனடாவில உம்மட பெடியன் ஒரு வெள்ளையனோட மோதிரம் மாத்தினவனாம். அவன் என்ர பிள்ளை இல்லையெண்டு சபைக்கு முன்னால சொல்லும் தங்கச்சி. பிறகு எடும்."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு இருமலாக மாறுகிறது. அந்த மோதிரத்தைப் போனில் பார்த்து, "வடிவாயிருக்கு அப்பன்" என்று நேற்றுத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

"அவன் என்ர பிள்ளைதான் அண்ணை."

தட்டு அடுத்தவருக்கு நகர்கிறது. நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்கிறாள். கடைசி ஜெபம் முடிந்து எழும்பும்போது முழங்கால் விறைத்துத் தடுமாறுகிறது. பக்கத்திலிருந்தவர்கள் பாட்டுப் புத்தகங்களை அடுக்குகிறார்கள். இராஜரத்தினத்தின் மனைவி செல்லம் வெறுங்கிண்ணங்களைத் தட்டோடு கொண்டுவந்து அவள் கையில் வைக்கிறாள்.

"சுடுதண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவும் பிள்ளை. புதுச் சபைக்குக் கொண்டுபோக வேணும்."