கொட்டடிக்கு வந்த மின்விசிறி

கைதிகள் கேண்டீனில் வாங்கிய சோப்பு, பிஸ்கட் லாபத்தில்தான் அந்த மின்விசிறியை வாங்கினார்கள். கொட்டடிக்கென்று வாங்கியது, சிறை அதிகாரியின் தலைக்கு மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. கேண்டீன் பணம் எங்கே போகிறதென்று பார்க்க நகர்மன்ற உறுப்பினர் வருகிறார் என்றதும், அவசர அவசரமாகக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டடியில் மாட்டினார்கள்.

"அண்ணே, என் இறக்கையில தூசியே இல்லை. இன்னிக்குத்தான் வந்தேன்னு அவரு கண்டுபிடிச்சுட்டா?" என்று மின்விசிறி பக்கத்திலிருந்த குண்டு பல்பிடம் பயந்துபோய்க் கேட்டது.

"கண்டுபிடிக்கட்டுமே! அப்பவாவது நீ இங்கேயே இருப்பே. கீழே பாரு, உன் காத்துக்கு எப்படி முகத்தைக் காட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

மின்விசிறி பார்த்தது. பிடிபட்டுவிடுவோமோ என்ற பயம் போய், பிடிபடாமல் போய்விடுவோமோ என்ற பயம் வந்தது.

உறுப்பினர் வந்து அண்ணாந்து பார்த்தார். மின்விசிறி தன்னால் முடிந்த மட்டும் கடகடவென்று சத்தம் போட்டது.

"நல்லா ஓடுதே," என்று சொல்லிவிட்டு அவர் அதிகாரியின் அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் ஓர் ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அதுக்குள்ள ஆய்வு முடிஞ்சிருச்சா?" என்று மின்விசிறி ஏணியிடம் கேட்டது.

"எங்கே முடிஞ்சுது? அதிகாரி அறையில உறுப்பினருக்கு வேர்த்துக் கொட்டுது. 'பாவம், உங்களுக்கு ஒரு ஃபேன்கூட இல்லையே, அங்கே ஓடுறதைக் கழற்றிட்டு வந்து இங்கே மாட்டுங்க'ன்னு அவரே உத்தரவு போட்டுட்டாரு," என்றது ஏணி.

சுவிட்சை அணைத்த பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.